நூற்றுக்கு எத்தனை? கூட்டுச் சுழற்சி மின்நிலையமும் அதன் வினைத்திறனும்

பாடசாலை அதிபர் ஒருவரிடம் ஊரவர் கேட்கும் முதற் கேள்வி, "இம்முறை நூற்றுக்கு எத்தனை பேர் சித்தி?" என்பதாகும். விடை கூறுதல் எளிதென்றே தோன்றும். எனினும், வகுப்பிற் பதிந்தோர் 80 பேர், பரீட்சைக்குத் தோற்றியோர் 60 பேர், சித்தியெய்தியோர் 48 பேர் என்று கொள்ளுங்கள். தோற்றியோர் தொகையால் வகுத்தால் நூற்றுக்கு 80 என வரும்; பதிந்தோர் தொகையால் வகுத்தால் நூற்றுக்கு 60 என வரும். இரண்டும் கணக்கிற் பிழையற்றவையே. பல ஆண்டுகளுக்கு முன்னர், பரிசளிப்பு விழா ஒன்றில், இவ்வாறான இரண்டு விடைகளுள் பெரியதையே நான் உரத்த குரலில் வாசித்தேன். சபையோர் கைதட்டினர். விழா முடிந்தபின், இடையிலே படிப்பை நிறுத்திக்கொண்ட மாணவன் ஒருவனின் தாயார் என்னிடம் வந்து, "என்ரை பிள்ளை எந்தக் கணக்கிலை ஐயா?" என்று கேட்டார். விடை கூற என்னால் இயலவில்லை. அன்று தொட்டு, எந்தச் சதவீதத்தைக் கேட்டாலும் அது எதனை எதனால் வகுத்துப் பெறப்பட்டது என்று கேட்பது எனக்கு வழக்கமாயிற்று.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பாடசாலையைப் பற்றியதன்று, மின்நிலையத்தைப் பற்றியது. கலைப் பட்டதாரியாகிய நான் பொறியியலிற் புகுவது ஏன் என்று நேயர்கள் ஐயுறலாம். அத்தாயார் கேட்ட கேள்வியே மின்நிலையத்தின் வாயிலிலும் கேட்கவேண்டிய கேள்வியாக இருக்கின்றது என்பதே என் விடை. "எமது மின்நிலையத்தின் வினைத்திறன் நூற்றுக்கு 60" என்று ஒருவர் சொல்வாராயின், அந்த 60 எதிலிருந்து வந்தது?

இது வெறும் எண்விளையாட்டன்று. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, நமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுதிரியைச் சுற்றி அமர்ந்திருந்தனர். கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு தொன் எண்ணெயிலிருந்தும் எவ்வளவு மின்சாரம் பெறுகின்றோம் என்பது அந்நாட்களிற் பொறியியலாளரின் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை; அது அடுப்படிக் கேள்வியும் ஆயிற்று.

வினைத்திறன் என்பது யாது? ஒரு பொறிக்கு நாம் கொடுத்த சக்தியில் எத்தனை பங்கு நமக்கு வேண்டிய வடிவில் திரும்பி வந்தது என்பதே அது. மின்நிலையத்திற்குக் கொடுப்பது எரிபொருளின் வெப்பம், பெறுவது மின்சாரம். நமது மின்பட்டியலில் ஓர் அலகு என்று குறிக்கப்படுவது 3,600 கிலோயூல் சக்தியாகும். அவ்வோர் அலகை உண்டாக்க ஒரு நிலையம் 9,000 கிலோயூல் வெப்பத்தைச் செலவிடுமாயின் அதன் வினைத்திறன் நூற்றுக்கு 40. 6,000 கிலோயூல் மட்டுமே செலவிடுமாயின் நூற்றுக்கு 60. பொறியியலாளர் பலர் சதவீதத்தைக் காட்டிலும் இந்தக் கிலோயூல் கணக்கையே பெரிதும் கையாளுவர். வெப்பவீதம் என அதனை அழைப்பர். வெப்பவீதம் குறையக் குறைய நிலையம் சிக்கனமானது.

இத்தகைய அளவீடு இன்று தோன்றியதன்று. 1712 ஆம் ஆண்டில் நியூகொமன் என்பார் இங்கிலாந்தில் அமைத்த நீராவிப் பொறி சுரங்கத்து நீரை இறைத்தது. ஆனால் அது தின்ற நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஒரு பங்கேனும் வேலையாக மாறவில்லை. பின்னர் வந்த ஜேம்ஸ் வாற்று, தமது பொறியைக் கோண்வால் சுரங்க உரிமையாளருக்கு அளித்தபோது ஒரு புதுமையான உடன்படிக்கையைச் செய்துகொண்டார். பழைய பொறியோடு ஒப்பிடுமிடத்து எவ்வளவு நிலக்கரி மிச்சமாகின்றதோ அதன் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கு தமக்கும் தம் கூட்டாளி போல்ற்றனுக்கும் உரியது என்பதே அது. மிச்சத்தை அளப்பதெப்படி? பொறி எத்தனை முறை அசைந்தது என்று எண்ணும் கருவியைப் பெட்டியொன்றில் வைத்துப் பூட்டி, பொறியோடு இணைத்தனர். அளவீட்டிலே பணம் தங்கியிருக்கும்போது அளவுகோலுக்குப் பூட்டுப் போடவேண்டும் என்பதை மனிதர் அன்றே உணர்ந்திருந்தனர்.

இனி, கூட்டுச் சுழற்சி என்னும் சொல்லின் பொருளைக் காண்போம். 1824 ஆம் ஆண்டில் சாடி கார்னோ என்னும் பிரான்சியப் பொறியியலாளர் சிறிய நூலொன்றை வெளியிட்டார். வெப்பம் உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்கும்போதுதான் அதிலிருந்து வேலையைப் பெறலாம் என்றும், பெறக்கூடிய வேலைக்கு மீறமுடியாத எல்லையொன்று உண்டு என்றும் அவர் காட்டினார். அருவி எவ்வளவு உயரத்திலிருந்து விழுகின்றதோ அவ்வளவுக்கு ஆலைச் சக்கரம் பயன் பெறுவது போன்றது இது. பின்வந்த அறிஞர் இதனைச் சூத்திரமாக்கினர். செல்சியசு வெப்பநிலையோடு 273 ஐக் கூட்டித் தனிவெப்பநிலையாக்கி, மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் உள்ள வேறுபாட்டை மேல்நிலையால் வகுத்தால் அவ்வெல்லை கிடைக்கும்.

வாயுச் சுழலியொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது காற்றை அமுக்கி, எரிபொருளைச் சேர்த்து எரித்து, அந்த அனல்வாயுவினாற் சுழல்கின்றது. உள்ளே ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசில் தொடங்கும் வாயு, வெளியேறும்போதும் 600 பாகை அளவிற் கொதித்துக்கொண்டே இருக்கும். அருவி பாதியில் நின்றுவிட்டதை இது ஒக்கும். இவ்விரு நிலைகளுக்குமிடையே கார்னோவின் எல்லை நூற்றுக்கு 51 அளவே. மறுபுறத்தில், நீராவிச் சுழலி ஏறக்குறைய 600 பாகைக்கு மேல் ஏறமாட்டாது. ஆயினும் 30 பாகை வரை இறங்கவல்லது. அதன் எல்லை நூற்றுக்கு 65 அளவு. ஒன்று மலையுச்சியில் தொடங்கி நடுவழியில் நிற்கின்றது; மற்றையது நடுவழியில் தொடங்கி அடிவாரம் வரை இறங்குகின்றது. முதலாவது கைவிட்ட வெப்பத்தை இரண்டாவது ஏற்றுக்கொள்ளுமாயின், 1,500 பாகையிலிருந்து 30 பாகை வரையுள்ள முழு இறக்கமும் நமக்குப் பயன்படும். எல்லையும் நூற்றுக்கு 83 ஆக உயரும். உண்மைப் பொறி எதுவும் தன் எல்லையை எட்டுவதில்லை. எனினும் இரண்டையும் இணைத்தல் நன்று என்பது இதனாற் புலனாகும்.

எளிய கணக்கு ஒன்று. எரிபொருளில் 100 பங்கு வெப்பம் உளதாகக் கொள்வோம். வாயுச் சுழலி 40 பங்கை மின்சாரமாக்குகின்றது. எஞ்சிய 60 பங்கு கழிவு வாயுவோடு கொதிகலனுக்குட் செல்ல, அங்கே பிறக்கும் நீராவி அதில் மூன்றிலொரு பங்கை, அதாவது 20 பங்கை, மின்சாரமாக்குகின்றது. ஆக 60 பங்கு. எரிபொருள் ஒருமுறைதான் எரிந்தது; வேலை இருமுறை நடந்தது. வெறுமனே வெளியே போகவிருந்த வெப்பத்தை மறித்துப் பயன்கொள்வதே கூட்டுச் சுழற்சி.

1949 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒக்லகோமா நகரிலுள்ள பெல் ஐல் மின்நிலையத்தில், 3,500 கிலோவாற்று வாயுச் சுழலி ஒன்றின் கழிவு வெப்பத்தைக் கொண்டு நீராவிப் பகுதிக்குச் செல்லும் நீரைச் சூடாக்கினர். அது இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்று. நம் நாட்டிலும் இதற்குத் தெளிவான சான்று உண்டு. கொழும்புக்கு வடக்கேயுள்ள கெரவலப்பிட்டியவில் அமைந்த யுகதனவி மின்நிலையம் 2008 ஆம் ஆண்டில் வாயுச் சுழலிகளை மட்டும் கொண்டு 200 மெகாவாற்று அளவில் இயங்கத் தொடங்கியது. 2010 ஆம் ஆண்டில் நீராவிச் சுழலியும் சேர, அதன் வலு 300 மெகாவாற்று ஆயிற்று. அந்த மேலதிக 100 மெகாவாற்றும் முன்னர் வானோடு கலந்துகொண்டிருந்த வெப்பத்திலிருந்து பிறந்ததே.

இதுவரை கண்டது வினைத்திறன் எவ்வாறு உயர்ந்தது என்பது. அதனை எவ்வாறு அளப்பது என்பதே இன்றைய பேச்சின் கரு.

1939 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், சுவிற்சர்லாந்தின் நியூசற்றல் நகர மின்நிலையத்திற்கென அமைக்கப்பட்ட வாயுச் சுழலியைச் சோதிக்க முதியவர் ஒருவர் வந்தார். அவரே பேராசிரியர் அவுரேல் சுதோதலா. அப்போது அவருக்கு வயது 80. சுழலிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் உலகெங்கும் பொறியியல் மாணவர் கையில் இருந்தது. அவருடைய சோதனையின் முடிவு நம் கவனத்திற்குரியது. சுழலி உண்டாக்கிய வலு ஏறக்குறைய 15,400 கிலோவாற்று. ஆனால் அதில் 11,400 கிலோவாற்றைக் காற்றை அமுக்கும் பகுதியே உண்டுவிட்டது. வெளியே கிடைத்தது 4,000 கிலோவாற்று. வினைத்திறன் நூற்றுக்கு 17.4. சுழலி பிறப்பித்த வலுவை மட்டும் சொல்லிப் பெருமைகொள்ள ஒருவர் விரும்பியிருக்கலாம். நகரத்து விளக்கை ஏற்றுவது எஞ்சிய 4,000 மட்டுமே. அந்தச் சிறிய எண்ணே நேர்மையான எண். அப்பொறி பின்னர் 2002 ஆம் ஆண்டு வரை அந்நகருக்குச் சேவை செய்தது.

மின்நிலையத்தின் சதவீதத்தைக் கேட்டவுடன் நாம் எழுப்பவேண்டிய முதலாவது கேள்வி இதிலிருந்தே பிறக்கின்றது: பெற்ற மின்சாரம் எங்கே அளக்கப்பட்டது? மின்பிறப்பாக்கியின் முனையில் அளந்தால் அது மொத்த உற்பத்தி. நிலையத்தின் பம்பிகள், விசிறிகள், விளக்குகள், மின்மாற்றியின் இழப்பு ஆகியவற்றைக் கழித்து, நாட்டின் மின்வலையமைப்புக்குப் போகும் வாயிலில் அளந்தால் அது தேறிய உற்பத்தி. கூட்டுச் சுழற்சி நிலையங்களில் இந்த இடைவெளி பொதுவாக உற்பத்தியில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு. சிறிதென்று தோன்றினும், அது எத்துணைப் பெரிது என்பது சற்றுப் பின்னர் விளங்கும்.

இரண்டாவது கேள்வி: எரிபொருளின் வெப்பத்தை எவ்வாறு கணித்தனர்? இயற்கை வாயுவிலும் எண்ணெயிலும் ஐதரசன் உண்டு. அது எரியும்போது நீர் பிறந்து, ஆவியாகிப் புகையோடு போகின்றது. அவ்வாவி மீண்டும் நீராக ஒடுங்குமாயின் அதனிடமுள்ள மறைவெப்பமும் நமக்குக் கிடைக்கும். அவ்வெப்பத்தையும் சேர்த்துக் கணித்தால் மேல் கலோரிப் பெறுமானம். அதனை விட்டுக் கணித்தால் கீழ் கலோரிப் பெறுமானம். இயற்கை வாயுவைப் பொறுத்தவரை மேல் பெறுமானம் கீழ் பெறுமானத்திலும் ஏறக்குறைய நூற்றுக்கு 11 பங்கு அதிகம். ஆகவே கீழ் பெறுமானத்தால் வகுத்து நூற்றுக்கு 60 எனப்படும் அதே நிலையம், மேல் பெறுமானத்தால் வகுக்கும்போது நூற்றுக்கு 54 ஆகிவிடும். பொறியில் ஓர் ஆணியும் மாறவில்லை. ஐரோப்பாவிலும் சுழலி செய்வோரிடத்திலும் கீழ் பெறுமானமே வழக்கு; அமெரிக்க அரசின் சக்திப் புள்ளிவிபரங்களில் மேல் பெறுமானம் வழங்குகின்றது. ஐரோப்பாவில், ஆவியை ஒடுக்கி அதன் வெப்பத்தையும் மீட்கும் வீட்டுக் கொதிகலன்களுக்கு நூற்றுக்கு 100 இலும் மேற்பட்ட வினைத்திறன் உண்டென விளம்பரம் செய்யப்படுவது இதனாலேயே. இயற்கை விதி அங்கே மீறப்படவில்லை. வகுக்கும் எண் சிறிதாயிற்று, அவ்வளவே. பரீட்சைக்குத் தோற்றியோரையும் வகுப்பிற் பதிந்தோரையும் நேயர்கள் இங்கு நினைவுகூரலாம்.

மூன்றாவது கேள்வி: எந்தக் காலநிலையில் அளந்தனர்? வாயுச் சுழலி காற்றைத் தின்று வாழும் பொறி. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதனை அமுக்குவதும் எளிது. எனவே சர்வதேச நியமம் ஒன்றை வகுத்துள்ளனர். 15 பாகை செல்சியசு வெப்பநிலை, கடல்மட்ட வளியமுக்கம், நூற்றுக்கு 60 சாரீரப்பதன் என்பனவே அந்நியமம். நமது கரையோரத்திலோ நண்பகலில் 30 பாகை சாதாரணம். அவ்வெப்பத்தில் வாயுச் சுழலியின் வலு பட்டியலிற் கூறிய அளவிலும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறைந்துவிடக்கூடும். வினைத்திறனிலும் சிறிது குறைவுண்டு. ஆகையால், சோதனை நாளின் வெப்பநிலை, வளியமுக்கம், ஈரப்பதன், ஒடுக்கிக்கு வரும் குளிர்நீரின் வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்துவைத்து, உடன்படிக்கையிற் சொல்லப்பட்ட நிலைமைக்கு முடிவைத் திருத்திக் கணிப்பர். அத்திருத்தங்களுக்கான வளைகோடுகளை வாங்குவோரும் விற்போரும் சோதனைக்கு முன்னரே ஒப்புக்கொள்வர். அமெரிக்கப் பொறிமுறைப் பொறியியலாளர் சங்கம் முழு நிலையத்தையும் சோதிப்பதற்கென வகுத்த பி.ரி.சி. 46 என்னும் நியமம் இம்முறைகளை விரிவாகக் கூறும். பரீட்சை முடிந்தபின் புள்ளித் திட்டத்தை எழுதலாகாது என்னும் பாடசாலை விதியும் இதுவே.

நான்காவது கேள்வி: அளவுகருவி எவ்வளவு நம்பத்தக்கது? மின்சாரத்தை மிகத் துல்லியமாக அளக்கலாம். எரிபொருளின் பாய்ச்சலை அளப்பதே கடினம். அதன் கூறுகளைப் பகுத்தாராய்ந்து கலோரிப் பெறுமானத்தைக் காணுதலும் வேண்டும். பாய்ச்சலை அளக்கும் கருவி நூற்றுக்கு ஒன்று பிழைத்தால், 60 என்னும் வினைத்திறன் 60.6 ஆகவோ 59.4 ஆகவோ தோன்றும். அதனால், நல்ல சோதனை அறிக்கை ஒன்று முடிவைக் கூறும்போதே அதன் ஐயப்பாட்டு எல்லையையும் கூறும்.

இக்கேள்விகளைக் கையிற் கொண்டு உலகச் சாதனைகளைப் பார்ப்போம். ஜேர்மனியின் பவேரியாவிலுள்ள ஈர்சிங் நிலையத்தின் நான்காம் பகுதி 2011 ஆம் ஆண்டில் 578 மெகாவாற்று வலுவில் நூற்றுக்கு 60.75 தேறிய வினைத்திறனைக் காட்டியது. பிரான்சின் புசேன் நிலையம் 2016 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 62.22 எட்டிக் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது. 2018 ஆம் ஆண்டில் யப்பானின் நிசி-நகோயா நிலையம் நூற்றுக்கு 63.08 எனப் பதிவாயிற்று. ஆனால் முன்னைய இரண்டும் தேறிய உற்பத்தியைக் கொண்டு கணித்தவை. யப்பானிய எண் மொத்த உற்பத்தியைக் கொண்டு கணித்தது. முதலாம் கேள்வியிற் கண்ட அந்த 2, 3 பங்கு இடைவெளியை நினைத்தால், 63.08 இலிருந்து 62.22 ஐக் கழித்து வெற்றி தோல்வி கூறுதல் பொருந்தாது என்பது விளங்கும். எவரும் பொய்யுரைக்கவில்லை, அளவுகோல் வேறு.

ஜேர்மனியின் டுசல்டோர்ப் நகரில் 2016 இல் இயங்கத் தொடங்கிய லவுசுவார்ட் நிலையத்தைப் பற்றி நூற்றுக்கு 85 என்றும் கேள்விப்படலாம். அங்கே மின்சாரத்தின் பங்கு நூற்றுக்கு 61.5 அளவே, மிகுதி, நகரத்து வீடுகளைச் சூடாக்க அனுப்பப்படும் வெப்பமாகும். குளிர்நாட்டுக்கு அது பெரும் பயன். ஆயினும் மின்சாரத்தையும் சுடுநீரையும் ஒன்றாகக் கூட்டிய எண்ணை, மின்சாரத்தை மட்டும் கொண்ட எண்ணோடு ஒப்பிடலாகாது.

இறுதியாக ஐந்தாவது கேள்வி, நமக்கு மிக நெருங்கியது: அந்த வினைத்திறன் ஒருநாட் சோதனையினதா, ஆண்டு முழுவதினதா? ஏற்புச் சோதனை நடப்பது பொறி புதிதாக, கழுவித் துடைக்கப்பட்டு, முழுச் சுமையில் அமைதியாக ஓடும்போது. நாளாந்த வாழ்க்கை அவ்வாறன்று. மழை நன்றாகப் பெய்து நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் எண்ணெய் நிலையங்கள் சுமையைக் குறைக்கும், அல்லது நிற்கும்; வரட்சியில் மீண்டும் எழும். பாதிச் சுமையில் வினைத்திறன் பல பங்கு குறையும். நின்ற பொறியைத் தொடக்கும்போது, நீராவிப் பகுதி சூடேறும் வரை எரிபொருள் செலவாகுமேயன்றி முழுப்பயன் வராது. காற்றோடு வரும் தூசியும் கடல் உப்பும் அமுக்கியின் அலகுகளிற் படிந்து, மெல்ல மெல்லத் திறனைத் தின்னும். கழுவினால் ஒரு பகுதி மீளும்; தேய்மானத்தால் இழந்தது பெருந்திருத்தம் வரை மீளாது. ஆகவே ஆண்டு முழுவதும் வாங்கிய எரிபொருளால், ஆண்டு முழுவதும் அனுப்பிய மின்சாரத்தை வகுத்துக் காண்பதே குடிமக்களுக்கு உரிய கணக்கு.

ஒரு பங்கு குறைவதால் என்ன நட்டம் என்று கேட்கலாம். 300 மெகாவாற்று நிலையம் ஒன்றின் வினைத்திறன் நூற்றுக்கு 45 இலிருந்து 44 ஆகக் குறைந்ததாகக் கொள்வோம். அதே மின்சாரத்தைப் பெற, நாள் முழுவதும் ஓடினால், ஏறக்குறைய 30 தொன் எண்ணெய் மேலதிகமாக எரியும். ஒரு நாளைக்கு 30 தொன். அறிக்கையிலே ஓர் எண்ணின் மாற்றம். அந்த எண்ணெயின் விலையை மின்பட்டியல் மூலமோ வரி மூலமோ கொடுப்பவர் நாமே.

நேயர்களே, அமுக்கியின் அலகுகளைக் கழுவுவதும் பாய்ச்சற் கருவியைச் சீர்பார்ப்பதும் பொறியியலாளர் கடமை. கேள்வி கேட்பது நமது கடமை. மொத்தமா தேறியதா? மேல் பெறுமானமா கீழ் பெறுமானமா? எந்தக் காலநிலையில்? எவ்வளவு ஐயப்பாட்டுடன்? ஒரு நாளுக்கா, ஓர் ஆண்டுக்கா? இவ்வைந்தையும் கேட்கப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. வகுத்தற் கணக்குத் தெரிந்த ஏழாம் வகுப்பு மாணவனாலும் இயலும்.

அத்தாயார் என்னிடம் கேள்வி கேட்டதற்கு அடுத்த ஆண்டு, பரிசளிப்பு விழா அறிக்கையிலே இரண்டு சதவீதங்களையும், அவை எவ்வாறு பெறப்பட்டன என்பதையும் சேர்த்தே வாசித்தேன். கைதட்டல் சற்றுக் குறைந்ததென்பது உண்மை. ஆயினும் இடையில் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. அவர்களைத் தேடிச் செல்ல ஊரவர் சிலரும் முன்வந்தனர். வீணாகும் வெப்பமும் அத்தன்மையதே. அது எவ்வளவு என்று ஒளியாமல் அளந்து கூறியபின்னரே அதனை மீட்கும் வழியை மனிதர் தேடத் தொடங்குகின்றனர்.